ஏர்வாடி: சங்கிலிக்குச் சம்பளம் கிடையாது

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் விடிந்தும் விடியாத நேரம். மனநலக் காப்பகம் என்ற பெயரில் ஒரு தனியார் இல்லம் நடத்திவந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே 40 பேருக்கும் மேல் இருந்தார்கள். பலருடைய காலில் சங்கிலி. தீயைப் பார்த்தவர்கள் கத்தினார்கள், ஆனால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே இறந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கு 28 ஆனது.

இந்தச் சம்பவத்தைக் கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "மூடநம்பிக்கை". மனநோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் தர்காவுக்குக் கூட்டிப்போனால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் உச்சுக்கொட்டி, "எப்பதான் திருந்தப்போறாங்களோ" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. வசதியான தவறு என்பதால்தான் இத்தனை வருடமாக நிற்கிறது. பழியைப் படிக்காத ஏழைகளின் தலையில் போட்டுவிட்டால் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தீப்பிடித்தது தர்காவில் அல்ல. தர்காவுக்கு வரும் கூட்டத்தை நம்பி, சுற்றுவட்டாரத்தில் தனியார்கள் நடத்திய இல்லங்களில் ஒன்றில். ஏர்வாடிக்கு முஸ்லிம்கள் மட்டும் வருவதில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். நோயாளியோடு பல நாட்கள் தங்க முடியாத குடும்பங்கள், பணம் கட்டி இந்த இல்லங்களில் விட்டுவிட்டு ஊர் திரும்பின. அதாவது நடந்தது ஒரு வியாபாரம். அந்த வியாபாரத்தில் மிகப் பெரிய செலவு எது? சோறு அல்ல, கொட்டகையும் அல்ல. ஆள்! ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொள்ள, ஓடுகிறவரைப் பேசித் திருப்பிக் கூட்டிவர, கழிவறைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

சங்கிலிக்குச் சம்பளம் வேண்டாம். லீவு கேட்காது. ராத்திரி ஷிப்டுக்கும் வரும். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் உழைக்கும். ஏர்வாடியில் அந்த 28 பேரைக் கட்டிவைத்தது இந்தக் கணக்குதான்.

நம்பிக்கை வேறு, சங்கிலி வேறு என்பதற்குச் சான்று வெளியில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே முத்துசாமி கோயில் ஒன்றில், மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே விசேஷமான சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. மிரட்டாத, ஆதரவான ஓர் இடத்தில், குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க, சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொண்டு இருந்தார்கள். இதை வைத்து "மருந்தே வேண்டாம், கோயில் போதும்" என்று யாராவது கிளம்பினால் அது முட்டாள்தனம். 31 பேரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் சாமி இருக்கும் இடத்தில் எல்லாம் சங்கிலி தானாக முளைப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

சரி, மறுபக்கம் பார்ப்போம். சாமியே இல்லாத இடத்தில் சங்கிலி இருந்திருக்கிறதா? தாராளமாக! பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை மனநோயாளிகளைச் சங்கிலியில்தான் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்த, பகுத்தறிவைக் கொண்டாடிய அதே நகரம்! அந்தச் சங்கிலிகளை அவிழ்த்த பெருமை பொதுவாக டாக்டர் ஃபிலிப் பினேலுக்குத் தரப்படுகிறது. ஓவியம்கூட வரைந்திருக்கிறார்கள். உண்மையில் பிசேத்ரில் 1797-ல் அதைச் செய்தவர் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸான். அவர் டாக்டர் அல்ல. தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, நோயாளியாக அதே மருத்துவமனைக்கு வந்து, குணமாகி, அங்கேயே கண்காணிப்பாளர் ஆனவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? குணமான நோயாளிகளையே பணியாளர்களாக வேலைக்கு எடுத்துக்கொண்டார். சங்கிலியை எடுத்த இடத்தில் மனிதர்களை வைத்தார். இங்கிலாந்தில் ஹான்வெல் மனநோய் இல்லத்தில் ஜான் கானலி 1839-ல் கட்டிவைக்கும் கருவிகளைக் கைவிட்டார். நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருந்த இடம் அது. அப்போது மனநோய்க்கு இன்றுள்ள மாத்திரை எதுவும் கிடையாது. முதல் முறையான மருந்தான குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்ததே 1952-ல்தான்.

மருந்தே இல்லாத காலத்தில் 1839-ல் முடிந்தது, மருந்து வந்து அரை நூற்றாண்டு ஆன 2001-ல் ஏன் முடியவில்லை? அறிவு இல்லாததாலா? ஆள் வைக்க மனம் இல்லாததாலா?

"அரசுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்று ஒரு சமாதானம் உண்டு. அதையும் பார்த்துவிடலாம். மனநலச் சட்டம் 1987-ல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனியார் மனநல இல்லம் நடத்த உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். சிகிச்சையின்போது மனநோயாளியை அவமானத்துக்கோ கொடுமைக்கோ உள்ளாக்கக் கூடாது என்று அதன் 81-வது பிரிவு சொன்னது. ஆக ஏர்வாடித் தீக்கு எட்டு வருடம் முன்பே அந்தச் சங்கிலி சட்டவிரோதம். உரிமம் இல்லாமல் இல்லம் நடத்தியதும் சட்டவிரோதம். இந்த இல்லங்கள் ஒளிந்து நடந்தவை அல்ல. பஸ்ஸை விட்டு இறங்குகிற யாருக்கும் வழி தெரிந்த இடங்கள்.

இன்னொன்றும் உண்டு. தீக்கு இரண்டு வருடம் முன்பு, 1999-ல், தேசிய மனித உரிமை ஆணையமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் சேர்ந்து நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளை ஆய்வு செய்து அறிக்கை தந்தன. பல மருத்துவமனைகள் சிறை மாதிரி இருக்கின்றன, சிகிச்சையைவிட அடைத்துவைப்பதுதான் நடக்கிறது என்பது அதன் சாரம். அரசு நடத்திய இடங்களே அப்படி என்றால் ஓலைக் கொட்டகையை யார் போய்க் கேட்பார்கள்?

இப்போது குடும்பத்துக்கு வருவோம். கொண்டுபோய் விட்டவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள். அவர்கள் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று. சென்னை கீழ்ப்பாக்கத்தில். இராமநாதபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருந்தது உண்மைதான். ஆனால் புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்குவது வேறு, மாதக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது வேறு. தினக்கூலிக்குப் போகிற ஒரு அம்மா, வீட்டை விட்டு ஓடுகிற மகனைப் பார்த்துக்கொள்வாரா, அடுப்பு எரியவைப்பாரா? "விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று முதலில் சொன்னவன் கையில் அவர் பிள்ளையைக் கொடுத்தார். அரசு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அரசிடம் கொடுத்திருப்பார்.

தீக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ஒரு வாரத்தில் அந்த மாதிரி இல்லங்களை மூட உத்தரவு வந்தது. ஏர்வாடியில் இருந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கம் போனார்கள். மற்றவர்கள் எந்த வீட்டால் பார்த்துக்கொள்ள முடியாமல் வந்தார்களோ அதே வீட்டுக்குத் திரும்பினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலமும் மனநல இல்லங்களைக் கணக்கெடுக்க வேண்டும், அரசு மனநல மருத்துவமனை ஒன்றாவது இருக்க வேண்டும் என்றெல்லாம் 2002-ல் உத்தரவிட்டது. 2007-ல் இல்லத்தை நடத்தியவருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

தண்டனை சரிதான். ஆனால் சட்டத்தை எட்டு வருடம் பீரோவில் வைத்துப் பூட்டியதற்கு எந்தப் பிரிவில் தண்டனை?

2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 95-வது பிரிவு, எந்த வடிவத்திலும் எந்த முறையிலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அதைவிட முக்கியம் 97-வது பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, அவசியமான நேரத்துக்கு மட்டும் ஒருவரை அசையாமல் கட்டுப்படுத்தலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் சார்பாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. இதோடு இன்னொரு வரியும் இருக்கிறது: ஊழியர் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டவே கூடாது!

சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுவதற்கு உண்மையான காரணம் பேயும் அல்ல, பில்லிசூனியமும் அல்ல, ஆள் இல்லாததுதான் என்று அச்சில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆளை வைக்கப் பணம்? மத்திய அரசின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் ஒரு சதவீதம். மனநல மருத்துவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி கடுமையான மனநோய் உள்ளவர்களில் 10 பேரில் 7 பேருக்கும் மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416, நல்ல விஷயம்தான். ஆனால் தொலைபேசி ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் கழிவறைக்குக் கூட்டிப்போகாது.

தடையை மட்டும் போட்டுவிட்டு ஆளைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா உதாரணம். அங்கே மனநோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கு 'பாசுங்' என்று பெயர். 1977-லேயே தடை செய்தார்கள். இன்னும் ஒழியவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, சுமார் 60 நாடுகளில் இந்த வழக்கம் இருப்பதாகச் சொன்னது. இந்தியா அதில் இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். உத்தரப் பிரதேசம் பதாயூனில் ஒரு வழிபாட்டு இடத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த வழக்கு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏர்வாடிக்கு 17 வருடம் கழித்து! 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஒருவரைக் காணவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அதுவும் வெளியே வந்தது.

"இதெல்லாம் எங்கோ கிராமத்தில், ஆசிரமத்தில்" என்று நினைப்பவர்கள் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குள் ராத்திரியில் நடந்து பார்க்கலாம். வயதான நோயாளி. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். திடீரென்று நாள் கிழமை தெரியவில்லை, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். என்ன செய்கிறார்கள்? பேண்டேஜ் துணியை எடுத்து இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டிவிடுகிறார்கள். சங்கிலி இல்லை, துணிதான். வெள்ளையாகச் சுத்தமாக இருக்கிறது. அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை.

அந்தப் பாட்டிக்கு வந்திருப்பது பெரும்பாலும் டெலிரியம் என்கிற தற்காலிகக் குழப்பம். அதற்குக் காரணம் இருக்கும். சிறுநீர் அடைத்திருக்கலாம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். கிருமித்தொற்று இருக்கலாம். தண்ணீர் போதாமல் இருக்கலாம். வலிக்கு மருந்து போதாமல் இருக்கலாம். கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டதால் எங்கே இருக்கிறோம் என்று புரியாமலேகூட இருக்கலாம். காரணத்தைத் தேடினால் பலருக்குச் சரியாகிவிடும். கட்டிப்போட்டால் பயம் கூடும், திமிறுவது கூடும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். கட்டியதால் திமிறுகிறார், திமிறுவதால் மீண்டும் இறுக்கிக் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் சிகிச்சையா?

சில இடங்களில் துணியும் இல்லை. ஊசிதான். ராத்திரி பத்து மணிக்கு வார்டே அமைதியாக வேண்டும் என்பதற்காகப் போடப்படும் தூக்க ஊசி. நோயாளிக்குத் தேவை என்று போட்டால் அது மருந்து. ஊழியருக்கு வசதி என்று போட்டால் அது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. இரண்டும் ஒரே பாட்டிலிலிருந்துதான் வருகிறது, வித்தியாசம் நோக்கத்தில் இருக்கிறது.

இதற்கு வரும் பதில்களும் தெரிந்தவைதான். "கட்டாமல் விட்டு விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பொறுப்பு? ஒரு நர்ஸ் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்?" நியாயமான கேள்வி. நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ் போட்டுவிட்டு அவர்களிடம் கருணையைப் பற்றி வகுப்பு எடுப்பது கேவலம். இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியது அந்த சிஸ்டரை அல்ல. இரண்டு பேர் போதும் என்று கையெழுத்துப் போட்டவரை. காலிப் பணியிடத்தை வருடக்கணக்கில் நிரப்பாமல் விட்டவரை. ராத்திரி ஷிப்டுக்குப் பயிற்சி மாணவிகளை நிறுத்தி லாபம் பார்க்கும் தனியார் முதலாளியை. ஆனால் அந்தக் கேள்வியை நியாயம் என்று ஒப்புக்கொள்ளும்போதே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏர்வாடியில் இல்லம் நடத்தியவரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். "கட்டாமல் விட்டு ஓடிப்போனால் யார் பொறுப்பு? என்னிடம் ஆள் எங்கே?" அவருக்குச் சிறை, மற்றவர்களுக்குச் சமாதானமா?

பொது வார்டில் இருக்கும் பாட்டிக்கு மனநலச் சட்டம் நேரடியாகப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆள் இல்லை என்பதற்காக ஒரு மனிதரைக் கட்டக் கூடாது.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எத்தனை நோயாளிகளை, எத்தனை மணி நேரம், எந்தக் காரணத்துக்காகக் கட்டியது என்பதைப் பதிவேட்டில் எழுதட்டும். ராத்திரி ஷிப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதை வார்டு வாசலில் ஒட்டட்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் குறைகிற ராத்திரியில் கட்டு கூடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் யாரும் எழுத மாட்டார்கள்!

அதுவரை, வீட்டில் யாராவது அட்மிட் ஆகும்போது அட்டெண்டராகப் போய் உட்காருகிறவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஏன் கட்டியிருக்கிறீர்கள்? எந்த டாக்டர் சொன்னார்? எப்போது அவிழ்ப்பீர்கள்? குழப்பத்துக்குக் காரணம் என்னவென்று பார்த்தீர்களா? சண்டை போட வேண்டியதில்லை, மரியாதையாகவே கேட்கலாம். கேட்க ஆள் இருக்கும் நோயாளியின் கட்டு சீக்கிரம் அவிழும்.

கேட்க ஆள் இல்லாதவர்களின் நிலைதான் ஏர்வாடி. அந்த 28 பேருக்காகக் கேட்க வேண்டிய ஒரே ஆளாக அன்று இருந்தது அரசாங்கம். அது கேட்கவில்லை. இனிமேலாவது ஆகஸ்ட் 6 அன்று யாராவது "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால், அந்தக் கொட்டகையில் அன்று ராத்திரி எத்தனை ஊழியர்கள் வேலையில் இருந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.